பதினெட்டு மில்லிமீட்டர்: பழைய பாணி வாட்சுகளும் அவற்றுக்கேற்ற ஸ்ட்ராப்புகளும்

சென்ற ஆண்டு மே மாதம், மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த நாட்களில், என் அப்பாவின் எச்எம்டி ஜனதா வாட்சின் தோல் ஸ்ட்ராப் அறுந்துவிட்டது. காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டியில் முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவரும் அவர், எடை போடும் இடத்திலேயே நின்று, கூடைகளைத் தொட்டுத் தள்ளி, அதே கையால் பேரேட்டையும் புரட்டுபவர். மாங்காய்க் காம்பிலிருந்து வடியும் பால் அந்த ஸ்ட்ராப்பின் மேல்பக்கத்தில் கருப்புத் திட்டுகளாகக் காய்ந்திருந்தது. உட்புறம் வியர்வையின் உப்பேறி வெளுத்து, வளைத்தால் ஒடிந்துவிடும் அளவுக்கு விறைத்திருந்தது. அவர் வழக்கமாகப் பக்கிளை மாட்டும் மூன்றாவது துளை நீள்வட்டமாக இழுபட்டுப் போயிருந்தது. சரியாக அந்த இடத்தில்தான் அது அறுந்தது.

புது ஸ்ட்ராப் வாங்கி மாட்டுவது அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கொடுத்தபோது, இருபது மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்ட்ராப் ஒன்றை எடுத்து, அதன் இரு ஓரங்களையும் பிளேடால் சீவி, எப்படியோ உள்ளே நுழைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் சீவிய ஓரங்களில் தையல் பிரிந்து, உள்ளே வைத்திருந்த அட்டை வெளியே தெரிந்தது. நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்பவன். நாள் முழுவதும் என் கையில் நுண்ணளவு எடுக்கும் வெர்னியர் காலிப்பர் இருக்கும். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், ஸ்ட்ராப் மாட்டும் இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தேன். சரியாகப் பதினெட்டு மில்லிமீட்டர். அந்த ஒரு அளவு தெரியாமல் வாங்கியதுதான் தவறு என்று புரிந்தது. அன்று தொடங்கி இந்த ஓராண்டில், அதிக விலையில்லாத பழைய பாணி வாட்சுகள் சிலவற்றை வாங்கியும் நண்பர்களிடம் இரவல் வாங்கியும் கட்டிப் பார்த்து, எதற்கு எந்த ஸ்ட்ராப் பொருந்துகிறது என்று கவனித்து வந்திருக்கிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாட்ச் பழைய காலத்து வாட்சைப் போல் தெரிவதற்கு அதன் டயலில் உள்ள எழுத்துகளோ பழுப்பேறிய நிறமோ முதல் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதன் அளவும் ஸ்ட்ராப் குறுகிச் செல்லும் விதமும்தான் அந்தத் தோற்றத்தைத் தருகின்றன. அப்பாவின் ஜனதாவின் குறுக்களவு ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். இன்று கடைகளில் ஆண்களுக்கென்று வைத்திருக்கும் வாட்சுகள் பெரும்பாலும் 40, 42, 44 என்று இருக்கின்றன. பதினாறு சென்டிமீட்டர் சுற்றளவுள்ள என் மணிக்கட்டில் 42 மில்லிமீட்டர் வாட்சைக் கட்டினால், அதன் காதுகள் எலும்பின் இரு பக்கமும் தாண்டி நிற்கின்றன. டயலில் எத்தனை பழைய பாணி எண்கள் இருந்தாலும் அது புது வாட்சாகவே தெரிகிறது. 34 முதல் 38 வரை உள்ள ஒன்றைக் கட்டி, காதருகே பதினெட்டாகத் தொடங்கிப் பக்கிளருகே பதினாறாகக் குறுகும் ஸ்ட்ராப்பை மாட்டினால், பள்ளிக்கூட நாட்களில் ஆசிரியர்களின் கையில் பார்த்த அந்த உருவம் தானாக வந்துவிடுகிறது.

எங்கள் பகுதியில் வாட்சைப் பற்றிப் பேசினால் இரண்டு பெயர்களைத் தவிர்க்க முடியாது. பெங்களூரில் எச்எம்டி நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1961இல் வாட்ச் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், காஞ்சன் என்று அது வெளியிட்ட வாட்சுகள் இந்த நாட்டின் கல்யாணச் சீர்வரிசைகளிலும் பணி ஓய்வு விழாக்களிலும் இடம்பெற்றன. ஜனதாவின் உள்ளே இருப்பது, உராய்வைக் குறைக்கப் பதினேழு சிறு கற்கள் வைத்த, சாவி கொடுத்து ஓட்டும் இயந்திரம். மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை, துடிக்கும். அந்த நிறுவனத்தின் வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. மற்றொன்று டைட்டன். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய இந்நிறுவனம் தன் தொழிற்சாலையை ஓசூரில் அமைத்தது. அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். சாவி கொடுக்கும் வாட்சுகள் கோலோச்சிய காலத்தில் டைட்டன் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சை நம்பி இறங்கியது. நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு படிகத்துண்டு காலத்தை அளக்கத் தொடங்கியபின், நொடிக்கு ஐந்து முறை துடிக்கும் சக்கரம் துல்லியத்தில் அதனோடு போட்டியிட வழியே இல்லாமல் போயிற்று. ஓசூரில் வாட்ச் பொருத்தும் வேலையில் பல ஆண்டுகள் இருந்த என் அத்தைதான் எனக்கு ட்வீசரைப் பிடிக்கவும், டயல் மேல் விரல் படாமல் வேலை செய்யவும் கற்றுக்கொடுத்தார். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை அன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்துக் கறையாகத் தெரியும் என்பார்.

ஜனதாவைப் போலவே ஒன்று எனக்கும் வேண்டும் என்ற ஆசையில், இணையத்தில் பழைய வாட்ச் விற்கும் ஒருவரிடம் ஒன்றை வாங்கினேன். படத்தில் அது புத்தம் புதியதுபோல் பளபளத்தது. டயல் அழகான கரும்பச்சை. கையில் வந்ததும் அத்தையின் பழைய லூப்பை, அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடியை, கண்ணில் வைத்துப் பார்த்தேன். அப்பாவின் வாட்சில் ‘ஜனதா’ என்ற தேவநாகரி எழுத்துகள் மயிரிழை போல் மெல்லியவை, ஓரங்கள் கூர்மையானவை. நான் வாங்கியதில் அவை தடித்து, மை பரவி, ஓரிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நிமிடக் கோடுகள் முள்ளின் நுனிக்கு நேராக வராமல் சற்றே விலகி நின்றன. தேய்ந்துபோன டயலைச் சுரண்டி, புதிதாக வண்ணம் பூசி, மேலே மறுபடி அச்சிட்டு விற்கும் வழக்கம் இத்தகைய பழைய வாட்சுகளில் பரவலாக உண்டு என்பதைப் பணம் போனபின்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே பழையது வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டயல் சற்று மங்கியிருந்தாலும், ஓரத்தில் புள்ளி விழுந்திருந்தாலும், அசலான ஒன்றையே வாங்குங்கள். அறுபது எழுபதுகளில் செய்த வாட்சின் டயல் நேற்று வாங்கியதுபோல் இருந்தால் படத்தைப் பெரிதாக்கி எழுத்துகளைப் பாருங்கள். உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

புதிதாகக் கிடைப்பவற்றில் மிகக் குறைந்த விலைக்கு மிக அதிக மனநிறைவு தந்தது காசியோவின் எஃப்-91டபிள்யூ. 1989இல் வெளிவந்து இன்றுவரை கிட்டத்தட்ட அதே உருவத்தில் விற்கப்படும் வாட்ச் இது. நான் 1,500 ரூபாய்க்குக் குறைவாகவே வாங்கினேன். எடை 21 கிராம், தடிமன் 8.5 மில்லிமீட்டர், பேட்டரி ஏழு ஆண்டுகள் வரும் என்று நிறுவனமே சொல்கிறது. மாதத்துக்கு முப்பது நொடிக்குள்தான் முன்பின் ஆகும். இரவில் பேருந்தில் மணி பார்க்க அதன் பச்சை விளக்கு போதவில்லை என்பது மட்டுமே என் குறை. இதில் வரும் ரெசின் ஸ்ட்ராப் மாங்காய்ப் பாலுக்கும் வியர்வைக்கும் அஞ்சாதது. சோப்பு போட்டுக் கழுவிக்கொள்ளலாம். ஆனால் கோடையில் மணிக்கட்டோடு ஒட்டிக்கொண்டு, அடியில் வேர்க்குரு வரவைக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பதினெட்டு மில்லிமீட்டர் நைலான் துணி ஸ்ட்ராப்பை நுழைத்தேன். ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் சிறு கம்பியான பின்னுக்கும் வாட்சின் உடலுக்கும் நடுவே இடம் குறைவாக இருப்பதால் மெல்லிய நைலான்தான் போகும். தடித்ததை வாங்கினால் பாதியில் சிக்கிக்கொள்ளும். கரும்பச்சை நைலானில் அந்தச் சின்னச் சதுரம் பெற்ற தோற்றம், அதன் விலையைப் போல் பல மடங்கு கொடுத்தாலும் வேறு வாட்சுகளில் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அதன் உடன்பிறப்பு போன்ற ஏ158, செய்யும் வேலைகளில் எஃப்-91டபிள்யூவோடு ஒன்றே. மேலே வெள்ளி நிறப் பூச்சும், கீழே செயினும் இருப்பதுதான் வேறுபாடு. எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களின் கையில் இருந்த வாட்சை நினைவுபடுத்தும் அழகு இதற்குண்டு. செயினின் கண்ணிகளுக்கு நடுவே காற்று புகுவதால் வெயிலுக்கு நல்லது. ஆனால் கையில் ரோமம் அதிகமுள்ளவர்களுக்கு அது பிடித்து இழுக்கும். பூட்டைச் சிறிய ஸ்க்ரூ டிரைவரின் முனையால் நெம்பி நகர்த்தி நாமே அளவு சரிசெய்துகொள்ளலாம். கடைக்குப் போக வேண்டியதில்லை. இதற்குத் தோல் ஸ்ட்ராப் போட்டுப் பார்த்தேன், ஒவ்வவில்லை. வெள்ளிப் பளபளப்பும் மின்னெண்களும் தோலின் மென்மையோடு சேரவே இல்லை. இதை அதன் செயினோடே விட்டுவிடுவது நல்லது.

முள் வாட்சுகளில் டைமெக்ஸின் வீக்கெண்டரை ஒரு நண்பரிடம் வாங்கி இரண்டு மாதம் கட்டினேன். 38 மில்லிமீட்டர், காதுகளுக்கு நடுவே இருபது, தெளிவான எண்கள், பக்கவாட்டில் உள்ள திருகான கிரீடத்தை அழுத்தினால் டயல் முழுவதும் ஒளிரும் இண்டிகுளோ. இருபது மில்லிமீட்டர் ஸ்ட்ராப்தான் கடைகளில் மிக எளிதாகக் கிடைப்பது. ஆகையால் பல நிறத் துணி ஸ்ட்ராப்புகளை மாற்றி மாற்றிப் போட விரும்புகிறவர்களுக்கு இதைவிட ஏற்றது இல்லை. இதில் ஒரே சங்கடம், நொடிமுள்ளின் ஓசை. அமைதியான அறையில் தலையணைக்கு அருகே வைத்தால் தூக்கம் கலையும். நண்பர் அதை இரவில் அலமாரிக்குள் வைக்கிறார்.

சீகோ நிறுவனத்தின் ‘சீகோ 5’ வரிசை 1963இல் தொடங்கியது. அதில் எஸ்என்கே809 என்ற கருப்பு டயல் வாட்சை, தயாரிப்பு நின்றபிறகு, பயன்படுத்திய ஒருவரிடமிருந்து வாங்கினேன். 37 மில்லிமீட்டர், ஸ்ட்ராப் அகலம் பதினெட்டு. பேட்டரி இல்லை, கை அசைவிலேயே சாவி ஏறும். நொடிக்கு ஆறு துடிப்பு என்பதால் நொடிமுள் குவார்ட்ஸைப் போல் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். பின்பக்கக் கண்ணாடி வழியே அரைவட்டத் தட்டு சுழல்வதைப் பார்க்கலாம். இதன் இயந்திரத்துக்குக் கையால் சாவி கொடுக்க வழியில்லை. மூன்று நாள் கட்டாமல் வைத்தால் நின்றுவிடும். எடுத்து மெதுவாகக் குலுக்கி, நேரம் வைத்துக் கட்ட வேண்டும். நாளுக்குச் சில நொடிகள் முன்பின் ஆவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். துல்லியம்தான் வேண்டும் என்பவர்கள் காசியோவோடு நின்றுவிடலாம். ஆனால் காலையில் எடுத்துக் கட்டும்போது உள்ளே ஒரு உயிர் விழித்துக்கொள்வது போன்ற உணர்வை எனக்கு இதுதான் தருகிறது. மண்ணிறத் துணியோ, தையல் வெளியே தெரியாத பழுப்புத் தோலோ, இரண்டும் இதற்குப் பொருந்தின. கருப்பு டயலுக்குக் கருப்புத் தோல் போட்டபோது மட்டும் சீருடை போலாகிவிட்டது.

விலையில் இவற்றுக்கெல்லாம் மேலே இருக்கும் ஓரியண்ட் பாம்பினோவைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. குமிழ்போல் எழும்பிய கண்ணாடியும் மெல்லிய முட்களும் சேர்ந்த அதன் அழகு மறுக்க முடியாதது. ஆனால் 40.5 மில்லிமீட்டர் அளவில் வரும் வாட்சில் ஸ்ட்ராப் அகலம் இருபத்தொன்று. அந்த அளவு எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதில்லை. இருபதைப் போட்டால் இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் சந்து தெரியும். இருபத்திரண்டைத் திணித்தால் தோலின் ஓரம் நசுங்கும். பின்னர் வந்த 38 மில்லிமீட்டர் வகையில் இருபதாக மாற்றியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இனி ஸ்ட்ராப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் வெயிலில் வாட்சைவிட இதில்தான் யோசனை தேவைப்படுகிறது. நேட்டோ ஸ்ட்ராப் என்று அழைக்கப்படும் நைலான் துணி ஸ்ட்ராப் 1973இல் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் தன் வீரர்களுக்காக வகுத்த விவரக்குறிப்பிலிருந்து வந்தது. முதலில் அது சாம்பல் நிறத்தில், இருபது மில்லிமீட்டர் அகலத்தில் மட்டுமே இருந்தது. ஒரே நீளத்துணி இரண்டு பின்களுக்கும் அடியில் புகுந்து வருவதால், ஒரு பின் கழன்றாலும் வாட்ச் கீழே விழாது. பேருந்தின் படிக்கட்டில் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பயணம் செய்பவனுக்கு இது சிறிய ஆறுதல் இல்லை. ஆனால் துணி வாட்சின் அடியில் இரண்டு அடுக்காக ஓடுவதால், ஏற்கெனவே தடித்த வாட்சை அது இன்னும் உயர்த்திவிடும். தடிமன் குறைந்த பழைய பாணி வாட்சுக்கு, அடியில் ஒரே அடுக்காகச் செல்லும் வகையை வாங்குவது நல்லது. வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசிக் காயப்போட்டால் போதும்.

பெர்லான் என்ற பின்னல் நைலானில் துளைகளே கிடையாது. பக்கிளின் ஊசியைப் பின்னலின் எந்த இடத்திலும் குத்திக்கொள்ளலாம். காலையில் ஓசூரின் குளிரில் ஒரு அளவும், மாலையில் ஐம்பது கிலோமீட்டர் கீழே இறங்கி கிருஷ்ணகிரிக்கு வரும்போது வெப்பத்தில் வீங்கிய மணிக்கட்டுக்கு இன்னொரு அளவும் வைத்துக்கொள்ள எனக்கு இதைவிட வசதியானது எதுவும் அமையவில்லை.

தோலுக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாம் எங்கள் கிழக்கே அடுத்தடுத்து இருக்கும் தோல் ஊர்கள். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய முறை. அப்படித் தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல் தொடக்கத்தில் வெளிர்நிறமாகவும் சற்று விறைப்பாகவும் இருக்கும். கையின் எண்ணெயும் வெயிலும் பட்டுப் பட்டு நிறம் ஆழ்ந்து, மணிக்கட்டின் வளைவுக்குத் தன்னை அமைத்துக்கொள்ளும். குரோம் உப்பால் பதனிட்ட தோல் முதல் நாளே மென்மையாக இருக்கும், தண்ணீரையும் ஓரளவு தாங்கும், ஆனால் அழகாக முதிராது. மலிவான ஸ்ட்ராப்புகளில் ‘தோல்’ என்று இருப்பது பெரும்பாலும் மேலே ஒட்டிய மெல்லிய பூச்சுதான். ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தால் நடுவே அட்டையோ துணியோ தெரியும். எதுவானாலும் நம் கோடையில் தினமும் கட்டும் தோலுக்கு ஆயுள் குறைவு. ஒரு நாள் கட்டினால் மறுநாள் நிழலில் ஆற விட வேண்டும்; வெயிலில் காயப்போட்டால் வெடிக்கும்.

நிறப் பொருத்தத்துக்கு நான் வைத்திருக்கும் வழி எளிது. பக்கிளின் உலோகம் வாட்சின் உலோகத்தோடு ஒத்துப்போக வேண்டும். தங்கப்பூச்சு வாட்சில் வெள்ளிப் பக்கிள் போட்டால் எத்தனை நல்ல தோலும் கெட்டுவிடும். வெள்ளை, சந்தன நிற டயல்களுக்குக் கரும்பழுப்பும், கருப்பு டயலுக்கு வெளிர்பழுப்பும், மின்னெண் வாட்சுக்குத் துணியும் எனக்குச் சரியாக வந்தன. நீளத்தையும் பார்க்க வேண்டும். மெலிந்த மணிக்கட்டில் நீள ஸ்ட்ராப்பைக் கட்டினால் வால் வெளியே நீண்டு சட்டைக் கையில் சிக்கும்.

அப்பாவின் வாட்சைக் கடைசியில் கிருஷ்ணகிரியில் நாற்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பின்மூடியைத் திறந்து, எண்ணெய் உலர்ந்து போயிருப்பதைக் காட்டி, பிரித்துக் கழுவி ஆயில் போட வேண்டும் என்றார். ஸ்ட்ராப்பைக் கேட்டபோது, “தம்பி, இதுக்கு மொத்தமா பஞ்சு வெச்ச ஸ்ட்ராப் போடாதீங்க. வாட்ச் மெல்லிசு, ஸ்ட்ராப்பும் மெல்லிசா இருக்கணும், அப்பதான் கையோட படியும்” என்று சொல்லி, பழைய பின்கள் இரண்டையும் கழற்றிக் காட்டினார். அவற்றின் ஸ்பிரிங் துருப்பிடித்துப் பாதி இறுகியிருந்தது. ஸ்ட்ராப் அறுந்திராவிட்டால் அந்த மழைக்காலத்திலேயே பின் கழன்று வாட்ச் விழுந்திருக்கும். புதுப் பின்களைப் போட்டு, காதில் வைத்துக் கேட்டுவிட்டுக் கொடுத்தார். ஸ்ட்ராப் மாற்றும்போதெல்லாம் பின்னையும் மாற்றுங்கள் என்று இப்போது நான் எல்லோரிடமும் சொல்கிறேன். அதன் விலை ஒரு தேநீரின் விலைக்கு மேல் போகாது.

ஆம்பூரில் தோல் வேலை செய்யும் ஒருவரிடம் அளவு கொடுத்து, பஞ்சு வைக்காத ஒற்றை ஆட்டுத்தோலில், பதினெட்டிலிருந்து பதினாறுக்குக் குறுகும் கரும்பழுப்பு ஸ்ட்ராப் ஒன்றைச் செய்து வாங்கினேன். கூடவே ஒற்றை அடுக்கு நைலானில் சாம்பல் நிறமாக ஒன்று. இந்த ஆண்டு மாங்காய் வரத்து தொடங்கிய அன்று காலை, அப்பா தோல் ஸ்ட்ராப்பைத் தானே கழற்றிப் பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். நைலானை அடியில் நுழைத்து இழுத்து, மூன்றாவது துளையில் பக்கிளை மாட்டி, கிரீடம் இறுகும்வரை சாவி கொடுத்துவிட்டு மண்டிக்குக் கிளம்பினார்.